மினுக்கிய சக்கரம்

1

பீர்மேட்டிலிருந்து ஏலப்பாறை போகும் ஜீப்பில் இந்தக் கதை என் காதில் விழுந்தது. பின்சீட்டில் ஒரு பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தேச்சது நான்தாம்மா. இப்ப நானே சொன்னாலும் நம்ப மாட்டேங்காக." அவ்வளவுதான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

ஞானஜோதி என்று பெயர் வைத்தேன். முதல் வரியும் எழுதினேன்: மலைமேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். இங்கே பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல.)

2

பிற்பகல். சாலையோரப் பட்டறை. கணவன் ஜெகன் வண்டிகளைப் பிரிப்பான். கழற்றிய பாகங்களை மினுக்குவது ஞானஜோதியின் வேலை. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் பிஜுவின் ஜீப்பிலிருந்து கழற்றிய அலாய் சக்கரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆரக்கால் விளிம்போடு சேரும் இடத்தில் விரல்நகம் எதிலோ தட்டியது. முடியளவு கோடு.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கோடு தெரிந்தால் மினுக்கும் மிஷினில் காட்டிப் பழகிய கை அது. மெருகுச் சோப்புக்கட்டி பூசிய, மிஷினின் துணிச்சக்கரம் சுழன்றது. மிஷினை அணைத்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. கோட்டைக் காணோம். வெறும் கீறல் என்றால் சரி. விரிசலாக இருந்தால்?

(துணிச்சக்கரம் விரிசலைப் போக்காது, மேலே உலோகத்தை இழுத்து மூடிவிடும். இது மினுக்குகிறவர்களுக்குத் தெரியும். கைக்குத்தான் மறந்துபோகும்.)

3

மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, முகப்பவுடரைத் தூவினாள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் பவுடரில் கோடாகக் கசிய வேண்டும். பவுடர் வெள்ளையாகவே கிடந்தது. அவளுக்குப் பயம் கூடித்தான் போனது. விரிசலே இல்லையா, சோப்பு போய் அடைத்துக்கொண்டதா?

ஜெகனிடம் சொன்னாள்.

"கண்ணாடி கணக்கா ஆக்கிட்டு, இப்ப ஏன் புள்ள பொலம்புத?"

பிஜுவிடமும் சொன்னாள். அவன் சக்கரத்தில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டான். "இதுலயா சேச்சி விரிசல்? ஸ்கூல் விடுற நேரம். பிள்ளைங்க வழியில நிக்கும்."

ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள். கொண்டையூசி வளைவில் அந்த மொட்டை டயரை யார் நம்புவது என்று அவன் சிரித்தான்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பிள்ளைகளோடு ஜீப் வளைவில் இறங்குகிறது, அப்போது சக்கரம்

(மாட்டேன். கை வரவில்லை.)

அல்லது, ஒன்றும் ஆவதில்லை. தினமும் சாயங்காலம் ஜீப் திரும்பும் சத்தத்துக்குக் காதைத் தீட்டியபடி அவள் பாத்திரம் கழுவுகிறாள். இதை முழுதாக எழுதிவிட்டு அடித்தேன். அப்படிக் கழுவிக்கொண்டிருக்க அவள் ஒப்பவில்லை.

கடைசியில் இதைத்தான் வைத்தேன்: சக்கரத்தை மாட்ட ஜெகன் நட்டுகளை எடுக்கத் திரும்பினான். அவள் வெட்டும் பிளேடு மாட்டிய கிரைண்டரை எடுத்தாள். கோடு இருந்த அதே இடத்தில் வைத்து அறுத்தாள். பொடி பறந்தது. ஆரக்கால் துண்டாகி, அவள் மினுக்கிய மினுக்கம் மொத்தமும் பாழ்.

"இனி மாட்ட முடியாதுல்லங்க," என்றாள்.

ஜெகன் என்ன சொன்னான், பிஜு கை ஓங்கினானா, பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள், எல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அறுபட்ட இடத்தில் விரிசல் தெரிந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளுக்கு அது தெரியாது. தெரியாமல்தான் அறுத்தாள்.