கீழ்க் கிளாம்பைத் திறக்கும் பெயர்

பவளத்தின் கழனியில் நெல் பால் பிடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்துப் போர்க்கிணற்றுக்குள் இருந்த மோட்டார் நின்றுபோனது. பால் பிடிக்கும்போது தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் அத்தனையும் பதராகிவிடும். மோட்டாரை மேலே தூக்கித்தான் பார்க்க வேண்டும். தூக்கும்போது நழுவி உள்ளே விழுந்தால் மோட்டாரும் போச்சு, போரும் அடைந்துபோச்சு, பயிரும் போச்சு.

உத்திரமேரூர் பக்கம் எந்தக் கழனியில் மோட்டார் நின்றாலும் அவள் புருஷன் முனிரத்தினத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இத்தனை வருஷம் அவரோடு கூட நின்ற ஆனந்தன், அவர் இல்லாமல் தூக்கும் முதல் மோட்டார் அவர் வீட்டு மோட்டாராகவே அமைந்துவிட்டது. செயினை இழுக்க முனிரத்தினத்தின் மகன் தினேஷ்குமார், ஒரகடம் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வேலை இப்படித்தான். போரின் வாய்க்கு மேலே மூன்று இரும்புக் கால்களைக் கூட்டி நிறுத்தி, உச்சியில் எடை தூக்கும் செயின் பிளாக்கை மாட்டுவார்கள். மோட்டார் ஒரு குழாயின் நுனியில் இல்லை. ஒன்றோடொன்று முடுக்கிய பல குழாய்களின் நுனியில் தொங்குகிறது. ஒவ்வொரு குழாயாக வெளியே இழுத்துக் கழற்ற வேண்டும். அதற்கு இரண்டு கிளாம்பு. மேல் கிளாம்பு செயினில் தொங்கும். கீழ்க் கிளாம்பு போர் வாயில் உட்கார்ந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். எடை எப்போதும் இரண்டில் ஒன்றின் மேல் இருந்தாக வேண்டும். செயின் இறுகி மேல் கிளாம்பு எடையை வாங்கிய பிறகுதான் கீழதைத் திறக்கலாம். கீழே குந்தியிருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. செயின் ஆள் குரல் கொடுப்பான், இவன் திறப்பான்.

அந்தக் குரலில்தான் முனிரத்தினத்தின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. மற்றவர்கள் “வுடு” என்பார்கள். கூரம் கிராமத்தில் ஒருமுறை, வரப்பில் நின்ற ஒருவர் கன்றுக்குட்டியைப் பிடித்திருந்தவனிடம் “வுடுப்பா” என்று சொல்ல, கிளாம்பு ஆள் திறந்துவிட்டான். மோட்டார் பாதாளத்துக்குப் போனது. அன்றோடு முனிரத்தினம் வார்த்தையை மாற்றினார். ஊரான் கழனியில் எவன் வாயிலும் வராத வார்த்தை வேண்டும்.

“எவன்டா வந்து எம் பொண்டாட்டி பேர சொல்லுவான்? சொன்னா மொதல்ல அவனத்தான் உள்ள எறக்குவேன்,” என்றார்.

அப்படித்தான் “பவளம்” என்றால் திற என்று ஆனது. பொண்டாட்டி பேரைச் சொல்லாமல் அவருக்கு ஒரு குழாயும் கழலாது என்று ஆனந்தன் கிண்டல் செய்வான். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த குழாய்க்குப் போவார். ஸ்பேனரில் கை இருக்கும்போது அந்தப் பெயர் காதில் விழுந்தால் ஆனந்தனின் மணிக்கட்டு தானாகத் திரும்பும். யோசனைக்கே இடமில்லை.

காலையில் தினேஷ் ஆனந்தனிடம் சொல்லிவிட்டான். “அம்மா பேர நான் எப்டி சித்தப்பா கத்தறது? ஓகேன்னு சொல்றேன்.”

“சரி, ஓகேன்னே சொல்லு.”

பாதிக் குழாய்கள் வெளியே வந்து வரப்பில் கிடந்தன. தினேஷ் மேல் கிளாம்பை அடுத்த குழாயில் முடுக்கிக்கொண்டிருந்தான். செயின் இன்னும் தொளதொளவென்று தொங்கியது. எடை முழுவதும் கீழ்க் கிளாம்பின் மேல். ஆனந்தன் ஸ்பேனரை போல்ட்டில் மாட்டி, “ஓகே”வுக்காகக் காத்திருந்தான்.

பக்கத்துக் கழனி மங்கம்மா, சற்றுத் தள்ளி நின்றிருந்த பவளத்தைப் பார்த்துத் தூக்குவாளியோடு வரப்பில் வந்தாள்.

“ஏ பவளம், நாஷ்டா துன்னியா இல்லியா?”

ஆனந்தனின் மணிக்கட்டு திரும்பியது.

குழாய் சரேலென்று ஒரு முழம் இறங்கியது. செயின் வெடுக்கென்று இழுபட்டு நின்றது. நின்ற வேகத்தில் மூன்று கால்களில் ஒன்று மண்ணை விட்டு எழும்பியது. அரைகுறையாக முடுக்கிய மேல் கிளாம்புக்குள் குழாய் கிறீச்சென்று கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது.

“செயின வுட்றாத,” என்றான் ஆனந்தன். “அந்தக் கால அமுக்கு, யாராவது.”

பவளம் அதற்குள் ஓடிவந்து, எழும்பிய காலைக் கட்டிப்பிடித்துத் தன் எடை முழுவதையும் அதன் மேல் போட்டிருந்தாள். கால் இறங்கியது. ஆனந்தன் இரண்டு கையையும் குழாயடியில் விட்டான். இப்போது மேல் கிளாம்பு விட்டால் விரல்கள் இருக்காது. கீழ்க் கிளாம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, போல்ட்டை முதலில் விரலால், பிறகு ஸ்பேனரால் திருகினான். திருகத் திருகக் கிறீச்சல் மெதுவாகி நின்றது.

மங்கம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டாள். “நான் இன்னா சொல்லிட்டேன்? துன்னியான்னுதான கேட்டேன்.”

ஆனந்தன் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான். பவளத்தின் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சொன்னான்.

அவள் இரும்புக் காலை இன்னும் இறுகப் பிடித்தாள். பிறகு, “அதான் சங்கதியா,” என்றாள். “இந்த மோட்டார எறக்கினன்னிக்கி என்ன எங்கம்மா வூட்டுக்கு ஓரிக்கைக்குத் தொரத்திட்டாரு. புதுத் தண்ணி வர்றத பாக்கணும்னு எனக்கு எவ்ளோ ஆச. மாட்டேன்னுட்டாரு. மூணு நாளு அவர்கிட்ட பேசல தெரியுமா?”

“இந்தக் கழனில மட்டும் எல்லாரும் ஒங்க பேர சொல்லுவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணி. எனக்குத்தான் தோணல.”

“சொல்லித் தொலச்சிருக்கலாம் இல்ல.”

“சொன்னா எல்லா ஊர்லயும் ஒங்க பேர ஏலம் வுட்டதுக்கு ஒத வாங்கியிருப்பாரு.”

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. அந்த இரும்புக் காலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“இப்ப இன்னா வார்த்த?” என்று தினேஷ் கேட்டான். செயினைப் பிடித்ததில் அவன் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

“வார்த்தயே வேணாம்,” என்றான் ஆனந்தன். “நானே வந்து பாக்கறேன்.”

ஒவ்வொரு குழாய்க்கும் எழுந்தான். மேல் கிளாம்பின் போல்ட்டுகளைத் தானே இன்னொரு சுற்று முடுக்கினான். தினேஷ் செயினை இழுத்ததும் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான். எடை வாங்கிய செயின் கம்பிபோல விறைத்து, தட்டினால் கணீரென்னும். அப்படி ஆன பிறகே திரும்பி வந்து குந்தி, கீழதைத் திறந்தான். முனிரத்தினம் இருந்தால் மதியத்துக்குள் முடிந்திருக்கும் வேலை. வெயில் சாயும்வரை இழுத்தது.

சேறு வழிய மோட்டாரின் தலை வெளியே வந்தது. பக்கத்தில் கேபிள் ஜாயிண்டு கருகிக் கிடந்தது. மோட்டாரின் ஒயர்களில் மீட்டரை வைத்துப் பார்த்த ஆனந்தன் இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தான்.

“மோட்டார் காயில் நல்லா கீது. ஜாயிண்டுதான் போயிருக்கு. நாளைக்கே எறக்கிடலாம். தண்ணி பாச்சிடலாம் அண்ணி, எந்திரிங்க.”

பவளம் அந்தக் காலைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

“மோட்டார தரையில வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேன்.”

“செயின கழட்டிட்டியா?”

கொக்கியைக் கழற்றித் தூக்கிக் காட்டினான். அதன் பிறகுதான் கையை எடுத்தாள்.