பேர் சொல்லிக் கூப்பிடாத கோச்சம்மா

கலைச்செல்வனுக்குக் கோபம் வந்தால் கடலோரச் சோலை நகர் முழுக்கத் தெரியும். அன்று காலை மீன் ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல், இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் கோச்சைத் திட்ட ஆரம்பித்தார். அந்த அம்மாள் போர்ச்சுகல்காரி, பெயர் மார்த்தா. இவர் திட்டுவது அவருக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. அதற்காகத் திட்டாமல் இருந்துவிட முடியுமா?

திட்டுவதற்கு நியாயமும் இருந்தது. மகள் சுடர்விழி கோழிக்கோட்டில் ஒரு கிளப்புக்கு இடதுபக்க முன்வரிசையில் ஆடுகிறாள். இந்த சீசனில் அவள் காலில் பட்டதெல்லாம் கோல். கேரளத்துப் பிள்ளைகள் அவள் படத்தைப் போட்டு பேனர் கட்டினார்கள். ஆனால் போன தேசிய முகாமுக்கு அவளை எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது வெளிநாட்டுப் போட்டிக்கு அணியை அறிவிக்கப் போகிறார்கள். சீசன் முடிந்து ஊருக்கு வந்திருந்த பெண், போனை எடுப்பதும் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். இட்லிகூட இறங்கவில்லை.

"புள்ள இவ்ளோ கோல் போட்டிருக்கா. எடுக்கறேன், எடுக்கல, ரெண்டுல ஒண்ணு சொல்றதுக்கு அந்தம்மா வாயில என்னா கொழுக்கட்டையா?" என்றார் கலைச்செல்வன்.

"அவங்க சொல்ல மாட்டேன்னு சொல்லலப்பா," என்றாள் சுடர்விழி. "நான் போயிருந்த முதல் கேம்ப்லயே எல்லார்கிட்டயும் சொன்னாங்க. 'அணியில இல்லாதவங்க யாரா இருந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க, காரணத்த ஒளிக்காம சொல்றேன்'னு. நம்பரும் குடுத்திருக்காங்க."

"அப்ப நீ பண்ணியா?"

"இல்ல."

"ஏன் பண்ணல?"

சுடர்விழி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னப்பா கேக்கற? நம்ம வூட்ல யாராச்சும் போய்க் கேப்பாங்களா?"

கலைச்செல்வன் அப்போதுதான் காலிலிருந்த மணலைத் தட்டினார். உண்மைதான். படகு வைத்திருக்கிறவர் கடலுக்குப் போகிற அன்று தெருவில் நடந்து வருவார். யார் வேண்டுமோ அவர் வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டால், அன்றைக்கு அவருக்குப் படகில் இடமில்லை. "என்ன ஏன் கூப்பிடல?" என்று போய்க் கேட்கிறவன் மானங்கெட்டவன். கலைச்செல்வனும் இளவட்டத்தில் அப்படிக் காத்துக் கிடந்தவர்தான். பிறகு சொந்தமாக ஃபைபர் படகு வாங்கி, அப்படிக் கூப்பிடுகிறவராகவும் ஆகிவிட்டார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் வாய் திறந்து கேட்பாளா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு அழவே கற்றுக்கொடுப்பதில்லை.

"அது ஆம்பளைங்க படகு விசயம். இது வேற," என்று சமாளித்தார்.

அவர் மனைவி அமுதவல்லி மீன்கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலைத் தாண்டப் போனவள் அப்படியே நின்றாள்.

"என்னாய்யா வேற? படகுக்கு ஆள் கூப்பிடறப்ப நம்ம மண்ணாங்கட்டி அண்ணன் வூட்ட தாண்டித் தாண்டிப் போறியே, ஏன்னு அவருகிட்ட சொன்னியா? அந்த கோச்சம்மாவாச்சும் நம்பர் குடுத்திருக்கு. நீ மூஞ்ச திருப்பிக்கினு போற."

ஊருக்குத்தான் உபதேசம் என்பதை இதைவிடப் பச்சையாக யாராலும் சொல்ல முடியாது. சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். குத்திவிட்டு நிற்காமல் போவது அமுதவல்லியின் வழக்கம்.

மண்ணாங்கட்டி கலைச்செல்வனுக்கு மச்சான் முறை. படகு வாங்கிய நாளிலிருந்து முன்பக்கம் நின்று வழி பார்த்தவர். கொஞ்ச நாளாக அவர் கண் சரியில்லை. ஒருநாள் வேறொருவர் வலையின் மிதவையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். எஞ்சின் அதில் சிக்கி, படகே ஒரு பக்கம் சாய்ந்து, நாலு பேர் உயிர் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு கலைச்செல்வன் அவரைக் கூப்பிடவில்லை. கண் தெரியவில்லை என்று மச்சான் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு பேச்சு," என்றாள் சுடர்விழி. இட்லித் தட்டை ஒதுக்கி வைத்தாள். "நீ போய் மாமாகிட்ட சொல்லிட்டு வா. நான் கோச்சுக்கு போன் பண்றேன்."

"இது என்னாடி பேரம்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ போனா எனக்கும் தைரியம் வரும்."

இதற்கு மேல் மறுக்க ஒரு அப்பனால் ஆகுமா? கலைச்செல்வன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாலு வீடு தள்ளி இருந்த வாசல் அன்றைக்குக் காரைக்கால் அளவுக்குத் தூரமாகத் தெரிந்தது.

மண்ணாங்கட்டி வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நூலைக் கண்ணருகே கொண்டுபோய், அப்புறம் தள்ளி வைத்து, மறுபடி கிட்டே கொண்டு வந்தார். கலைச்செல்வனைப் பார்த்ததும் நூலைக் கீழே வைத்தார்.

"மச்சான்," என்றார் கலைச்செல்வன். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "உனக்குக் கண்ணு தெரியல. அதனாலதான் உன்ன கூப்பிடல. வேற ஒண்ணும் இல்ல."

மண்ணாங்கட்டி வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டார். பிறகு, "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

"அடப்பாவி! மாசி மகத்தன்னிக்கு உன் தம்பிகிட்ட ரெண்டு வார்த்த கூடப் பேசிட்டேனே, அதுக்குத்தான் ஒதுக்கிட்டன்னு இல்ல நெனச்சினு இருக்கேன்! உன் வூட்டு வாசல்ல வந்து மன்னிப்பு கேக்கறதா, இல்ல உன்ன நாலு சாத்து சாத்தறதான்னு தெனமும் யோசன." மண்ணாங்கட்டியின் குரல் உடைந்து, உடனே சிரிப்பாகவும் மாறியது. "கண்ணு மங்கலா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆபரேசன் பண்ணிக்கினா சரியாயிடும்னு டாக்டரே சொல்லிட்டாரு. இதச் சொல்றதுக்கா பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நெளிஞ்சினு நிக்கற?"

கலைச்செல்வனுக்கு வெட்கமாக இருந்தது. நெஞ்சு லேசாகவும் இருந்தது. ஆபரேசனுக்குக் கூட வருவதாகச் சொல்லி, மச்சான் வீட்டு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்தால் சுடர்விழி சுவரில் சாய்ந்து நின்று போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தார். முதலில் உதட்டைக் கடித்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள். அது போதாதா? போனை வைப்பதற்குள் அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எம் பொண்ண எடுத்துட்டாங்கடோய்!" என்று கத்திவிட்டார்.

"கத்தாதப்பா. இந்தப் போட்டிக்கு எடுக்கல."

கலைச்செல்வனின் கை அந்தரத்தில் நின்றது. "எடுக்கலயா? அப்புறம் ஏண்டி சிரிக்கற?"

"பந்து என் கால விட்டுப் போச்சின்னா நான் திரும்பி ஓடி வர மாட்டேங்கறேனாம். கிளப்ல எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் நின்னு அதச் சமாளிக்கறாங்க, அதனால தெரியல. பெரிய டீமோட ஆடும்போது அந்த எடத்துலதான் கோல் வாங்குவோம்னு சொல்றாங்க. என் எல்லா மேட்ச்சையும் பாத்திருக்காங்கப்பா. எந்த மேட்ச்ல எந்த நேரத்துல நான் நின்னுட்டேன்னு கூடச் சொல்றாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. "நான் ஆகாதவள்னு நெனச்சிட்டாங்களோ, தமிழ்ப் பொண்ணுன்னு ஒதுக்கறாங்களோன்னு என்னென்னமோ நெனச்சேன். ஓட்டந்தானே? ஓடிட்டா போச்சி."

"சரி, கடைசியா எதுக்கு அப்படிச் சிரிச்ச?"

"இத்தன நாளா ஏன் போன் பண்ணல, உனக்கு அக்கற இல்லேன்னு நெனச்சிட்டேன்னாங்க. எங்க தெருவுல போய்க் கேக்க மாட்டோம், படகுக்காரர் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் போவோம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'ஓ, அப்படியா'ன்னாங்க. அப்புறம் என் முழுப் பேரச் சொன்னாங்க. 'சுதர்விலி கலைசெல்வான்! அடுத்த கேம்ப்புக்குக் கெளம்பி வா!'ன்னு கத்தினாங்க. வாசல்ல நின்னு கூப்பிடற மாதிரியேப்பா!"

கலைச்செல்வன் அந்த உச்சரிப்பை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஏழு கடல் தாண்டி வந்த ஒருத்தி வாயில் அவர் பேரும் சேர்ந்து உருண்டிருக்கிறது. காலையிலிருந்து திட்டிய திட்டையெல்லாம் எப்படித் திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கூப்பிட்டப்புறம் என்னா நின்னுக்கினு இருக்க?" என்றார். "சாப்பிட்டுட்டுக் கரைக்குப் போய் ஓடு."

சுடர்விழி இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.