எந்தப் பேப்பர்?

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் மேனேஜருக்கு அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்ததுமே மூக்கில் வேர்த்துவிட்டது. படிப்பு இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, மார்க் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது.

"மார்க் எங்கம்மா?"

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள், "சுமார்தான் சார். ரெண்டு அரியர் வச்சு, அப்புறம்தான் பாஸ் பண்ணேன்" என்றாள்.

எழுதாமல் மறைத்தவள், கேட்டதும் இப்படிக் கொட்டுவாளா? அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"எந்தப் பேப்பர்ல?"

பாவம், அவள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். "கணக்குன்னு நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறியா? நான் மெஷின் டிசைன்ல கோட்டை விட்டவன். இந்த வயசுலயும் அது கனவுல வந்து மிரட்டுது. ஃபெயிலானவங்களுக்குப் பேப்பர் பேரு மறக்குமா? உண்மையச் சொல்லு."

அவள் தலை கவிழ்ந்தது. "காலேஜ் ஃபர்ஸ்ட் சார். போன இடத்துல எல்லாம், இவ்வளவு மார்க் வாங்கினவ இங்க நிக்க மாட்டே, பறந்துடுவேன்னு அனுப்பிட்டாங்க. அப்பாவால இனிமே வேலைக்குப் போக முடியாது. எனக்கு இந்த வேலை வேணும் சார்."

அவர் மனதிலும் அதேதான் ஓடியது. "பறந்துடுவியா?"

"மாட்டேன் சார்."

"இப்பத்தானே ஒரு பொய் சொன்னே?"

"அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியலையே சார்."

மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு" என்றவர், அவள் கதவருகே போனதும் மறுபடி கூப்பிட்டார்.

"மார்க்ஷீட்ட எடுத்துட்டு வா. ஃபர்ஸ்டுன்னு சொன்னியே, அதையும் பார்த்துடறேன்."