இன்ஜின் சூடு ஆறும்வரை

என் கொழுந்தன் முத்துக்கண்ணனுக்கு ஜீப்பு என்றால் உயிர். சிலமலையிலிருந்து எங்களை ஏலத்தோட்டத்து வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி அது. போடிமெட்டு ஏற்றத்தில் ஊற்றுத்தண்ணீர் விழும் வளைவு வந்தால், எவ்வளவு அவசரமானாலும் நிறுத்திவிடுவான். பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் சூடு ஆறும்வரை யாரையும் ஏற விடமாட்டான். "பதறாத காரியம் சிதறாது மதினி" என்று எனக்குப் பாடம் வேறு.

அந்தப் பதறாத மனுசன்தான் காய் எடுப்பு ஆரம்பித்ததும் பேயாய் அலைந்தான். விடியலில் எங்களை ஏற்றுவான். இறங்கிப் போய் இன்னொரு கூட்டத்தை ஏற்றுவான். சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்டு ராத்திரியில் காய்மூட்டை லோடு அடிப்பான். எப்போது தூங்குகிறான் என்று அவன் பெண்டாட்டி தேவிக்கே தெரியாது.

நேற்று, ஊற்றுக்குக் கொஞ்சம் கீழே வண்டி தடுப்புச் சுவரை உரசியது. "ஆத்தாடி!" என்று பின்னால் எல்லோரும் அலறினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். முன்சீட்டிலிருந்த நான் திரும்பிப் பார்த்தால், அவன் கண் அப்போதுதான் திறக்கிறது.

"ஒண்ணுமில்ல மதினி, லேசா அசந்துட்டேன்."

வந்த ஆத்திரத்துக்கு அறைந்திருப்பேன். ஊற்றில் நிறுத்திவிட்டு அவன் பானட்டைத் திறக்க இறங்கியதும், சாவியை உருவி என் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன்.

"வெளையாடாதீக மதினி, சாவியக் கொண்டாங்க. வெரசா போகணும், கங்காணி வைவாரு."

"வெரசா எங்கடா போவ, பள்ளத்துக்கா? இரும்புக்கு இம்புட்டுத் தண்ணி ஊத்திக் குளுர வைக்கிற, ஒன் ஒடம்பு மட்டும் கேடுகெட்டதா? போய்ப் படு."

கூட வேலைக்கு வரும் ஈஸ்வரி பின்சீட்டில் சாக்கை விரித்தாள். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே படுத்தவன், அடுத்த நிமிடம் குறட்டை விட்டான். அவன் போன் அடித்தது. கங்காணிதான். நானே எடுத்தேன்.

"சூடாயிருச்சுண்ணே. ஆறுனதும் வர்றோம்."

"வண்டியா?"

"ஓட்டுறவன்."

வெயில் ஏறித்தான் தோட்டம் சேர்ந்தோம். கங்காணி வைதார். வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை அதே ஊற்றில் நிறுத்தினான். நான் வாயைத் திறப்பதற்குள் சாவி என் மடியில் விழுந்தது.

"ராத்திரி லோடு இனி வேண்டாம்னு சொல்லிட்டேன் மதினி. அப்பவும் கண்ணு எரியுது. கொஞ்ச நேரம் கழிச்சு எழுப்புங்க."

சாவியைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன்.

"தூங்கு சாமி" என்றேன்.