பாடலாசிரியர்: ஹரீஷ்குமார்

ஹரீஷ்குமார் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் மெட்டுப் போடுவான். அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாட்டுதான். அது, அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்ற மாதேஸ்வரி ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் பாடியது.

"அறுப்பு முடிஞ்சு வா ஆனெ,
அதுக்கு முன்ன வேணாம்;
தாளு உனக்கு, தானியம் எனக்கு,
தகராறு வேணாம்."

"யாரு பாட்டு இது?" என்று கேட்டான்.

"நாட்றாம்பாளையத்துல எங்க ராகிக் கொல்லைக்கு ஆனெ வராம காவல் இருக்கறப்போ நானா கட்னதுண்ணா," என்றாள்.

சரணங்களையும் அவளே எழுதினாள். அவற்றுக்கு மெட்டும், மொத்தப் பாட்டுக்கு வாத்திய இசையும் ஹரீஷ் அமைத்தான். அவளே பாடினாள். யூடியூபில் ஏற்றிய பாட்டு எஃப்எம்மில் ஒலித்தது, டிவி நிகழ்ச்சியில் வந்தது, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கல்யாண மண்டபங்களிலும் கேட்டது.

பெங்களூரில் ஒலிப்பதிவு செய்யும் நண்பன்தான் விவரம் சொன்னான். இசையமைத்தவருக்கும் பாடல் எழுதியவருக்கும் சேர வேண்டிய ராயல்டியை வசூலித்துத் தர ஒரு சங்கம் இருக்கிறது. வெளியான பாட்டு ஒன்று இருந்தால் உறுப்பினராகலாம். பிறகு ஒவ்வொரு பாட்டையும் யார் யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பதிய வேண்டும். ஹரீஷ் பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரமெல்லாம் கொடுத்துச் சேர்ந்தான். பாட்டைப் பதியும்போது பாடலாசிரியர் பெயர் கேட்ட இடத்தில் கை நின்றது. மாதேஸ்வரிக்கு அப்போது பான் கார்டுகூட இல்லை. அவள் பெயரை எழுதி, அவள் பங்கை அவளுக்கென்று விட்டுவைத்திருக்கலாம். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று அங்கும் தன் பெயரையே எழுதினான்.

முதல் ராயல்டி வந்ததும் அவன் மனைவி ரேவதி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். "எழுதினதும் இவரேதான்," என்று அவள் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. அவன் எழுந்து போய் மறுக்கவில்லை.

பிறகு ஒருநாள் கேன்டீனில் மாதேஸ்வரி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏண்ணா, பாட்டு எழுதுனவங்களுக்கு ஒரு சங்கம் இருக்குதாமே? நானும் சேரலாமா? பான் கார்டு எடுத்துட்டேன்."

ஹரீஷ் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அதெல்லாம் சினிமாவுல இருக்கற பெரிய ஆளுங்களுக்கும்மா. நமக்கு ஒத்து வராது."

"அப்பிடியா? சரிண்ணா," என்றாள். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அடுத்த வாரம் லைனில் யாரோ அவளிடம் அதையே கேட்க, "இல்லக்கா, அது பெரிய ஆளுங்களுக்காம். ஹரீஷண்ணனே சொல்லிடுச்சு, அதுக்குத் தெரியாததா?" என்று அவள் பதில் சொல்வதைக் கேட்டான். கையில் இருந்த அளவுகோலில் எண் தெரியவில்லை. பெயரை எழுதியதைவிட இந்தப் பொய்தான் அவனை அதிகம் அரித்தது. வீட்டில் புது மெட்டுக்கு உட்கார்ந்தால் அவள் குரல்தான் வந்தது. கம்ப்யூட்டரை மூடி வைத்தான்.

ராகி அறுப்புக்காக அவள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தாள். ஞாயிறு காலை ஹரீஷ் அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையத்துக்குப் பஸ் ஏறினான். ரேவதியிடம் கிளம்பும்போதுதான் நடந்ததைச் சொன்னான். "போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள் அவள். "நானும் ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

மாதேஸ்வரி கொல்லையில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். ஓர் ஓரத்தில் யானை மிதித்துப் போன தாள்கள் மண்ணோடு கிடந்தன. அவனைப் பார்த்ததும் பயந்து போய், "என்னாச்சுண்ணா, கம்பெனியில எதாவதா?" என்று கேட்டாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எழுதினவனாகத் தன் பெயரைப் போட்டது, பணம் வாங்கியது, கேன்டீனில் பொய் சொன்னது. இடையில் எதற்கும் காரணம் சொல்லவில்லை.

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேனேண்ணா. முழுசும் வேணும்னாக்கூட குடுத்திருப்பேன். நான் கேட்டப்போ எதுக்குண்ணா அப்பிடிச் சொன்னீங்க?"

"மாத்திடறேன்," என்றான் ஹரீஷ். "வரிக்கு உன் பேரு, பல்லவி மெட்டுலயும் உன் பேரு. இதுவரைக்கும் வந்ததுல உன் பங்கையும் குடுத்துடறேன்."

"செய்ங்க," என்றாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

சங்கத்துக்கு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பங்குகளைத் திருத்தினார்கள். அவள் உறுப்பினராகச் சேரும் வேலையெல்லாம் ஹரீஷே கூட இருந்து செய்தான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தான்; அவள் வாங்கிக்கொண்டாள். பாடலாசிரியர் மாதேஸ்வரி என்று திரையில் வந்ததைக் காட்டியபோது அவள் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய அடுத்த பாட்டை பெங்களூரில் வேறொருவர் இசையில் பாடினாள். அதைக் கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் கேட்டார்கள். நன்றாக இருந்தது. ஹரீஷ் முன்னால் போய் அதைச் சொன்னான். "தேங்க்ஸ் சார்," என்றாள் மாதேஸ்வரி. அவன் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.