அற்புதம்மாள் விழும் நேரம்

மேலப்புதூர் அற்புதம்மாள் வழுக்கி விழுந்தால் தரையைத் தொட முக்கால் மணி நேரம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஜூடோ சொல்லிக்கொடுக்கும் சுஜா, சேர வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, அதை மட்டுமே பழக்குவாள். போலீஸ் தேர்வுக்கு வேகம் வேண்டும் என்ற ஆரிஃபின் நிழல், அவன் நின்ற பிறகு சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. பஸ்ஸில் உரசுகிறவர்களைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்ற லின்சியைச் சுற்றி, எந்த நெரிசலிலும் ஒரு முழம் இடம் காலியாக இருந்தது. ஓய்வுபெற்ற டீச்சரான அற்புதம்மாள், விழுந்தால் எலும்பு முறியக் கூடாது என்றார். சுஜா அவருக்கு விழுவதை மட்டும் பழக்கினாள். மழைக்காலம் முடிவதற்குள் அவர் உதறி விரித்த பெட்ஷீட்போலப் பாயில் இறங்கினார்.

ஒருநாள் அவர் கணவர் சவரிநாதனும் கூடவே வந்தார்.

"சாருக்கு என்ன வேணுங்க?" என்றாள் சுஜா.

"இவ போற இடத்துக்கு நானும் வரணும். அவ்ளோதாங்க."

மாடியே சிரித்தது. சுஜா இன்னொரு பாயை எடுக்கப் போனாள்.

"இவருக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க மிஸ். வீட்டுல இருக்கட்டும்" என்றார் அற்புதம்மாள். கணவரும் அதே பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்த்தார்; கல்யாணமான நாளிலிருந்து அவர் இல்லாமல் அற்புதம்மாளுக்குக் கிடைத்த ஒரே பொழுது இந்த வகுப்புதான்.

"சரி, நான் போய் டிவி பாக்குறேன்" என்று சவரிநாதன் செருப்பை மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம், மனைவி வகுப்பில் இருந்த வேளையில், குளியலறையில் விழுந்து இறந்தார். எல்லோரும் விழும் வேகத்தில்தான் விழுந்தார்.

அடக்கம் முடிந்ததும் அற்புதம்மாள் மறுபடி மாடியேறினார். "எனக்கும் அடிபடணும் மிஸ்" என்றார். சுஜா தன் பலமெல்லாம் கூட்டித் தூக்கிப் போட்டாள். அவர் பாதி உயரத்தில் தங்கி, முன்னைவிட மெதுவாக இறங்கினார். "குடுக்கத்தாங்கம்மா தெரியும். திரும்ப எடுக்கத் தெரியலையே" என்று சுஜா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அது முதல் அற்புதம்மாள் தினமும் காலையில், கணவர் விழுந்த இடத்திலேயே விழுகிறார். சவரிநாதன் ஒரு நொடியில் கடந்த சோப்புப் பெட்டியையும் குழாயையும், அவர் தலை பட்ட இரும்பு வாளியையும் இவர் நிதானமாகப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொள்வதில்லை. ஆரம்பத்தில் மகள் பெலிண்டா கதவைத் தட்டிக் கதறினாள். இப்போது ஆபீசுக்கு நேரமாகிவிட்டால் உள்ளே வந்து, அம்மாவின் முதுகுக்குக் கீழே குனிந்து முகம் கழுவுகிறாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"வாளிகிட்ட வந்துட்டேன். நீ சாப்பிட்டுக் கிளம்பு."

"இதையாவது ஓரமா வைக்கட்டுமா?"

"அது அங்கயே இருக்கட்டும்டி."

பெலிண்டா வாளியை நகர்த்தாமல், அம்மா இறங்கியதும் குளிக்க அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போகிறாள்.