பதினொரு பதிவேட்டில் ஒரு திருடனும் இல்லை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. கடை உரிமத்தைப் புதுப்பிக்கப் போன அலுவலகத்தில், பக்கத்து நாற்காலியில் அதுவாக வந்து உட்கார்ந்தது. ஒரு பெண்; மடியில் வருடத்துக்கு ஒன்றாகப் பதினொரு காவல் பதிவேடு.

மருந்துக் கிடங்கில் பதினொரு வருடம் பகல் காவல். ஒவ்வொரு பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதால் அங்கே அவளுக்குப் 'பூட்டக்கா' என்று பெயர். இனி கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க ஆசை. அதற்கு உரிமம் வேண்டும். போலீஸ் சான்றிதழ் வாங்கியாயிற்று, தேர்விலும் தேறியாயிற்று. கடைசிப் படிவம்தான் கழுத்தைப் பிடித்தது: 'நேரில் கையாண்ட சம்பவங்கள், குறைந்தது மூன்று.'

பதிவேட்டிலோ ஒவ்வொரு நாளும் ஒரே வரி: அசம்பாவிதம் ஏதுமில்லை.

2.

அன்று மழை கொட்டித் தீர்த்தது. மூன்று திருடர்கள் மதிலேறிக் குதித்து

[வேண்டாம். கதைக்குச் சம்பவம் வேண்டுமே என்று கை அரித்தது.]

அவள் கணவனும் இதையேதான் சொன்னானாம். மூன்று திருடர்களை எழுதிவிடு, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று. பொய்த் தகவல் தந்தால் ஆயுளுக்கும் உரிமம் கிடையாது என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அவன் படிக்கவில்லை. (நானும்தான்.)

3.

அவள் வெள்ளைத் தாளில் வேறு மூன்றை எழுதியிருந்தாள். மதில்மேல் சாய்ந்த கிளையை வெட்டவைத்தது. ஒருவர் வேலையை விட்டுப் போன அன்றே பூட்டை மாற்றவைத்தது. சரக்கு வண்டி நிற்கும் மூலைக்கு விளக்குப் போடவைத்தது. இது செல்லுமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.

அவள் முறை வந்தது. எங்களுக்கு எதிர் மேசையில் இருந்த அதிகாரி பதிவேடுகளைப் புரட்டினார்.

"திருட்டே நடக்காத இடத்துல உங்களுக்கு என்னம்மா வேலை?"

"நடக்காம பாத்துக்கிட்டதுதான் சார் வேலை."

[இதில் நான் கை வைக்கவில்லை. அப்படியேதான் சொன்னாள்.]

அவர் சிரிக்கவில்லை. அப்படியானால் இந்த அறையில் என்ன குறை என்று கேட்டார்.

"உங்களுக்குப் பின்னாடி ஜன்னலுக்குக் கொக்கி இல்ல சார். வெளியில ஏணி சாத்தி வெச்சிருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

4.

அந்த நேரம் பார்த்தா அடுத்த அறையில் என் டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டும்? நான் திரும்பி வந்தபோது அவள் நாற்காலி காலி.

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் கோப்பை மேலிடத்துக்குத் தள்ளிவிடுகிறார். இன்னொன்றில் கையெழுத்துப் போடுகிறார். எனக்கு எது பிடித்தது என்று சொல்லவா வேண்டும்? ஆனால் நான் போடும் கையெழுத்து அங்கே செல்லாது.

கண்ணால் கண்டது ஒன்றுதான். வெளியே வந்து அந்த ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இந்தாருங்கள், படிவம்.

அனுபவம்: உண்டு / இல்லை

(தேவையற்றதை அடித்துவிடவும்.)